எரியாத ஃபிளாஷும் ஈசூன் வளைகாப்பும்

அக்கா மகளுக்கு வளைகாப்பு. சிங்கப்பூர் ஈசூனில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய பல்நோக்கு மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பெரியம்மா அவள் கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டு, பச்சைக் கண்ணாடி வளையலை மணிக்கட்டைத் தாண்டி மெல்ல ஏற்றுகிறார். ஷட்டரை அழுத்தினேன். ஃபிளாஷ் எரியவில்லை. மறுபடி அழுத்தினேன், எரிந்தது. அடுத்ததற்கு எரியவில்லை. அதற்கடுத்த படத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது, ஆனால் வலப்பக்கம் கால் பங்கு இருட்டு. நீள வாக்கில் பிடித்து எடுத்த படம் அது. யாரோ ஃபிளாஷ் மாட்டிய குடைக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

பகலில் எனக்கு மின்தூக்கி பராமரிப்பு வேலை. வார இறுதியில் சொந்தக்காரர், நண்பர் வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுப்பேன். கேமரா தலையில் செருகிய ஃபிளாஷ் முகத்தில் நேராக அடிக்கும் வெளிச்சம் எனக்குப் பிடிக்காது. மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். அதனால் ஃபிளாஷை ஸ்டாண்டில் ஏற்றி, வெள்ளைக் குடை மாட்டி, பக்கவாட்டில் நிறுத்துவேன். கேமராவில் ரேடியோ டிரிகர் இருக்கும், ஷட்டரை அழுத்தியதும் ஃபிளாஷை எரியச் சொல்வது அதுதான். பவரை நானே கையால் வைத்துவிடுவேன். டிடிஎல் முறையில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அளந்து பவரை மாற்றிக்கொண்டே இருக்கும். மேனுவலில் 1/8, அதாவது முழு பவரில் எட்டில் ஒரு பங்கு, என்று வைத்தால் கடைசிப் படம் வரை 1/8தான். தவறு நடந்தால் தேட வேண்டிய இடம் குறைவு. அன்று அந்த வசதியை நான் பயன்படுத்தவே இல்லை.

பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். டிரிகர் சேனலை மாற்றினேன், பேட்டரியைக் கழற்றி வேறு போட்டேன், பவரை ஏற்றினேன், ஷட்டர் வேகத்தைக் குறைத்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். ஃபிளாஷ் ஒழுங்காக எரியத் தொடங்கியது, ஆனால் எதனால் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஐந்து பேர் வளையல் போட்டு முடித்திருந்தார்கள். அதில் ஒருவர் என் அம்மா. அவர் வளையல் ஏற்றும் படம் இருட்டாகத்தான் பதிவானது. பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டியபோது முகமெல்லாம் மணல் கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாக வந்தது. பேத்தியின் கையை அவர் பார்க்கும் பார்வை மட்டும் தெரிகிறது. அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை.

நடுவில் நின்றுபோன மின்தூக்கியை இப்படி யாரும் பழுதுபார்ப்பதில்லை. மூன்று பாகத்தைச் சேர்த்து மாற்றிவிட்டு “ஓடுகிறது” என்று கிளம்பினால் அடுத்த வாரம் அதே புளோக்குக்கு வரவேண்டியிருக்கும். மின்சாரம் வரும் பாதையைப் பாதியாகப் பிரித்து, பழுது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முதலில் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம். தினமும் வேலையில் செய்வதை அன்று மண்டபத்தில் மறந்துபோனேன்.

இரவு வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். பாதை மிகச் சிறியது. ஒரு முனையில் ஃபிளாஷ், நடுவில் ரேடியோ, மறுமுனையில் கேமராவின் தலையில் டிரிகரைச் செருகும் இடமான ஹாட் ஷூ. முதலில் ஃபிளாஷின் முதுகில் இருக்கும் டெஸ்ட் பட்டன். அழுத்தியதும் எரிந்தால் ஃபிளாஷ் உயிரோடு இருக்கிறது. அடுத்து டிரிகரில் இருக்கும் டெஸ்ட் பட்டன். அதற்கும் எரிந்தால் ரேடியோ சரி. இரண்டும் சரியாக இருந்து, ஷட்டரை அழுத்தினால் மட்டும் எரியவில்லை என்றால் பழுது கேமராவுக்கும் டிரிகருக்கும் நடுவில்தான். இதைப் பார்க்க இருபது வினாடி போதும்.

மூன்று பழுது கிடைத்தது.

முதலாவது பேட்டரி. நான்கு நிக்கல் பேட்டரிகளை மீட்டரில் வைத்தேன். மூன்று 1.28 வோல்ட், நான்காவது 1.09. நான்கும் வரிசையாக இணைந்தவை, அதனால் ஒன்று தளர்ந்தால் நான்கும் தளரும். ஒருமுறை எரிந்தபின் அடுத்ததற்குத் தயாராக மூன்று வினாடி எடுத்த ஃபிளாஷ் இப்போது பத்து வினாடி எடுத்தது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: தயார் என்று காட்டும் சிவப்பு விளக்கு, உள்ளே மின்சாரம் முழுதாக நிரம்பும் முன்பே எரிந்துவிடும். விளக்கு எரிந்த நொடியில் அழுத்தினால் வெளிச்சம் குறைவாக வரலாம்.

அதன்பிறகு நான்கு நான்காகப் பிரித்து, அழியாத மையில் ‘அ1, அ2, அ3, அ4’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றாக வாங்கியவை ஒன்றாகத்தான் வேலை செய்யும், ஒன்றாகத்தான் சார்ஜ் ஏறும். ஒரு செட்டில் ஒன்று சோர்ந்தால் அந்தச் செட்டையே வீட்டுக் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் கொடுத்துவிடுவேன். சாதாரண அல்கலைன் பேட்டரியில் 1.5 வோல்ட் என்று போட்டிருக்கிறது, நிக்கலில் 1.2தானே என்று சிலர் கேட்பார்கள். ஃபிளாஷுக்கு ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் வேண்டும். நிக்கல் அதைத் தடையில்லாமல் கொடுக்கும், அல்கலைன் கொடுக்கத் திணறும்.

இரண்டாவது, ஹாட் ஷூ. வெண்டைக்காய் அளவு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். டிரிகரின் அடியில் நடுப்புள்ளி பளபளப்பாக இருக்க வேண்டும். அதன் மேல் தேநீர்க் கறைபோல் ஒரு பழுப்புப் படலம். ஓரத்துத் தண்டவாளங்களிலும் லேசான மங்கல். இணைப்பின் ஒரு முனை நடுப்புள்ளி என்றால் இன்னொரு முனை அந்த ஓர உலோகம்தான். அதனால் இரண்டையும் துடைக்க வேண்டும். மகனின் பென்சில் அழிப்பானால் பத்துத் தடவை தேய்த்தேன். அழிப்பான் கறுத்தது, உலோகம் வெளுத்தது. தூளை ஊதிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்தேன். நம் ஊர்க் காற்றின் ஈரம் காலையில் 90 விழுக்காட்டைத் தொடும். வேர்த்த கையால் தொட்டுத் தொட்டு வைக்கும் உலோகம் எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்?

மூன்றாவது அந்த இருட்டுப் பட்டை. கேமராவின் ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. ஒன்று திறக்கும், அதன் பின்னால் இன்னொன்று மூடிக்கொண்டு வரும். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வினாடி வரைதான் முழு சென்சாரும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். அதைவிட வேகமாகப் போனால் முதல் திரை முழுதாகத் திறக்கும் முன்பே இரண்டாவது மூடத் தொடங்கிவிடும். ஃபிளாஷ் அடிக்கும் அந்தக் கணத்தில் மூடியிருக்கும் பகுதி இருட்டாகப் பதிவாகும். அகல வாக்கில் எடுத்தால் பட்டை கீழே வரும். நீள வாக்கில் கேமராவைத் திருப்பியதால் அது வலப்பக்கம் வந்து என்னைக் குழப்பியது. என் கட்டைவிரல் பட்டு ஷட்டர் வேகம் 1/320க்குப் போயிருந்தது. கேமராவின் சொந்த ஃபிளாஷ் என்றால் அது தடுத்திருக்கும். என்னுடையது ஒற்றைத் தொடர்பு டிரிகர், நடுப்புள்ளி வழியாக ‘எரி’ என்ற சைகை மட்டும்தான் போகும், அதனால் ஃபிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. இப்போது 1/160ல் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போவதில்லை. மலிவான டிரிகர்கள் கொஞ்சம் தாமதமாகச் சொல்லும், அந்தத் தாமதத்துக்கும் 1/160 இடம் கொடுக்கிறது.

சரி, எரியாததற்குக் காரணம் கிடைத்தது. ஆனால் அந்த ஒரு பேட்டரி ஏன் அவ்வளவு சீக்கிரம் சோர்ந்தது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. நான் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, 100ல் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். படம் சுத்தமாக வர வேண்டும் என்ற ஆசை. ஃபிளாஷின் திறனைச் சொல்லும் கைடு நம்பர் 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் 3 மீட்டர் தூரத்தில். 36ஐ 3ஆல் வகுத்தால் 12. அதாவது ஐஎஸ்ஓ 100, முழு பவர், நேரடி வெளிச்சம் என்றால் லென்ஸின் திறப்பு (அப்பர்ச்சர்) எஃப் 12. எண் கூடினால் திறப்பு சிறியது. ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். குடை சுமார் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும், அப்போது எஃப் 6. நான் வைத்திருந்தது எஃப் 4. ஆக, 1/2 பவர் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் பாதி மின்சாரம் காலி. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் இரண்டு ஸ்டாப் லாபம், 1/8 பவர் போதும். இன்றைய கேமராக்களில் ஐஎஸ்ஓ 400க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மாமியும் கண்டுபிடிக்க முடியாது. ஃபிளாஷோ அடுத்த வினாடியே தயாராகிவிடும், சூடும் ஏறாது. முழு பவரில் இருபது முப்பது தடவை தொடர்ந்து அடித்தால் பல ஃபிளாஷ்கள் சூடு தாங்காமல் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

இந்தக் கணக்கு வேறொரு வகையிலும் உதவும். கணக்குப்படி எஃப் 4க்கு வெளிச்சம் போதும், ஆனால் படம் இருட்டு என்றால் பவரைத் தொடக்கூடாது. ஃபிளாஷின் தலை வெளிச்சத்தைக் குறுக்கும் 105 மில்லிமீட்டர் ஜூமில் மாட்டிக்கொண்டு குடையின் நடுவில் மட்டும் அடிக்கிறதா, குடை கவிழ்ந்துவிட்டதா என்று எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறது என்று புலம்புகிறவர்கள் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று ஆட்டோ ஐஎஸ்ஓ. ஷட்டர், அப்பர்ச்சர் இரண்டையும் மேனுவலில் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டிருப்பார்கள். பின்னால் ஜன்னல் வந்தால் ஐஎஸ்ஓ இறங்கும், கறுப்புக் கோட்டு வந்தால் ஏறும். மாறாத ஃபிளாஷும் மாறுவதுபோல் தெரியும். இன்னொன்று கேமராவோடு வரும் 18-55 லென்ஸ். முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு ஜூம் செய்தால் 3.5 என்பது 5.6 ஆகிவிடும், வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்கு மேல் விழும். தொடக்கத்திலேயே 5.6 வைத்துவிட்டால் வம்பில்லை.

டெஸ்ட் பட்டன் வரிசையின் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது இன்னொருவருக்கு உதவியபோது. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் ஒரு திருமணம். எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் என்னை அழைத்தார். பின்னால் நாதஸ்வரம், அவர் குரலே சரியாகக் கேட்கவில்லை.

“தம்பி, ஃபிளாஷ் செத்துப்போச்சு. தாலி கட்ட இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு.”

“அண்ணே, ஃபிளாஷ் முதுகுல டெஸ்ட் பட்டன் அழுத்துங்க.”

“எரியுது.”

“டிரிகர்ல இருக்கிற பட்டன்?”

“அதுவும் எரியுது.”

“அப்போ கேமராதான். மந்திரத்துக்கு நடுவுல சத்தம் வேண்டாம்னு சைலண்ட்ல வச்சீங்களா?”

கொஞ்ச நேரம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. அப்புறம், “வந்துருச்சு தம்பி” என்றார். பெரும்பாலான கேமராக்களில் சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் ஃபிளாஷ் வேலை செய்யாது. பழுது எதுவும் இல்லை, ஒரு மெனு மட்டும்.

மிரர்லெஸ் கேமராவுக்குப் புதிதாக மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிளாஷுக்காக எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்ததும் வியூஃபைண்டர் கும்மிருட்டாகிவிடும். ஃபிளாஷ் வெளிச்சம் வரப்போவது அதற்குத் தெரியாது, இருக்கும் வெளிச்சத்தை வைத்துக் காட்டுகிறது. எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை மெனுவில் அணைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும்படி வரும். டிரிகர் வாங்கும் முன் ஹாட் ஷூவையும் பாருங்கள். கேனான் 1500டி, 200டி மார்க் 2 போன்ற சில மாடல்களில் நடுப்புள்ளியே கிடையாது. ஒற்றைத் தொடர்பு டிரிகரை எத்தனை முறை மாட்டினாலும் எரியாது, கேனானுக்கென்று செய்த டிரிகர்தான் வேண்டும்.

மண்டபத்தில் இன்னொரு படக்காரர் இருந்தால் பிரச்சினை வேறு வடிவத்தில் வரும். நான் அழுத்தாமலே என் ஃபிளாஷ் எரியும். அவரும் நானும் ஒரே வகை டிரிகர், இருவரும் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து சேனல் 1ல் இருக்கிறோம். போனதும் அவரிடம் வணக்கம் சொல்லி, “அண்ணே, நீங்க எந்தச் சேனல்?” என்று கேட்டுவிடுவது எல்லாவற்றையும்விட எளிது. நான் 17க்குப் போய்விடுவேன். ஃபிளாஷை ஆப்டிகல் ஸ்லேவாக, அதாவது இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து எரியும்படி, வைத்திருந்தால் தொந்தரவு இன்னும் அதிகம். அதில் எஸ்1 என்ற அமைப்பில் இருந்தால், அவருடைய ஃபிளாஷ் டிடிஎல் அளப்பதற்காக முன்னதாக அடிக்கும் முன்மின்னலுக்கே உங்களுடையது எரிந்து காலியாகிவிடும். எஸ்2 முன்மின்னலைக் கண்டுகொள்ளாது, ஆனால் அதுவும் கூட்டத்தில் நம்பகமில்லை. ரேடியோதான் நல்லது. ரேடியோவிலும் ஒரு விசித்திரம் உண்டு. மிக அருகில், கைக்கெட்டும் தூரத்தில் ஃபிளாஷ் இருந்தால் சில டிரிகர்கள் தடுமாறும். அதற்காகவே சிலவற்றில் 0-30 மீட்டர் என்று தனி அமைப்பு இருக்கிறது.

இனி எரியும் வெளிச்சம் அழகாக விழுவதைப் பற்றி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் தோல் நிறத்துக்கு வெளிச்சம் வைப்பது ஒரு தனிப் படிப்பு. வளைகாப்பில் சந்தனம், மஞ்சள், கொஞ்சம் வேர்வை. கன்னத்திலும் நெற்றியிலும் வெள்ளை வெள்ளையாகப் பளபளப்பு விழும். பவரைக் குறைத்தால் பளபளப்போடு முகமும் சேர்ந்து இருண்டுபோகும். குறைக்க வேண்டியது பவரை இல்லை, பெரிதாக்க வேண்டியது விளக்கை. பளபளப்பு என்பது கன்னத்தில் தெரியும் விளக்கின் பிம்பம். சிறிய விளக்கு என்றால் பிம்பம் குண்டூசித் தலை அளவில் கண்ணைக் குத்தும். குடையை அருகே கொண்டுவந்து, வெளிச்சம் அதே அளவில் இருக்கும்படி பவரை இறக்கினால், பிம்பம் பரந்து மென்மையாகி, கறுத்த கன்னத்தின் வளைவை வரைந்து காட்டும். என் அக்கா மகள் நல்ல மாநிறம். 110 சென்டிமீட்டர் குடையை ஒன்றரை மீட்டரில் வைத்து எடுத்த படத்தில் அவள் தாடையோரம் விழும் அந்த மெல்லிய ஒளிக்கோடு, எந்தக் கணினித் திருத்தத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. சருமத்தை வெளுப்பாக்கிக் கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

கண்ணாடி போட்ட பெரியவர்களுக்குக் குடையை உயர்த்தி, இன்னும் பக்கவாட்டில் தள்ள வேண்டும். பட்டுச் சேலைச் சரிகை மின்னி வெளுத்தால் குடையை இரண்டடி நகர்த்திப் பாருங்கள்.

குடும்பமாக வரிசையில் நிற்கும்போது நேர்மாறு. குடை ஓரத்து அத்தைக்கு 1 மீட்டரில், கடைசியில் நிற்கும் மாமாவுக்கு 3 மீட்டரில் இருந்தால், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் குறையும் என்பதால் மாமாவுக்கு ஒன்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அத்தை வெளுத்திருப்பார், மாமாவைத் தேட வேண்டும். குடையை 4 மீட்டருக்குத் தள்ளினால் மாமா 6 மீட்டரில் வருவார். வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல்தான். பவரை ஏற்றிக்கொள்ளலாம்.

பின்னணி குகைபோல் இருண்டால் ஃபிளாஷைத் தொடாமல் ஷட்டரை 1/160லிருந்து 1/60க்கு இறக்குங்கள். மண்டப விளக்குகள் உயிர் பெறும், முகத்தில் விழும் ஃபிளாஷ் வெளிச்சம் அப்படியே இருக்கும். குழல்விளக்கின் பச்சை உள்ளே வந்தால் ஃபிளாஷுக்கும் லேசான பச்சை ஜெல் (நிறத் தாள்) மாட்டி, வெள்ளைச் சமநிலையைக் கேமராவில் சரிசெய்துகொள்வேன்.

குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் புகை படிவது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஃபிளாஷிலும் டிரிகரிலும் அதேபோல் ஈரம் படியும், வெளியே தெரியாது, அவ்வளவுதான். பையை மூடியபடி இருபது முப்பது நிமிடம் வெளியே வைத்துவிட்டு எடுப்பது நல்லது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே போய்விடுங்கள். நம் ஊரில் ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்தால் வானத்தில் நிறம் இருப்பது இருபது நிமிடம் சொச்சம்தான், பழுது தேட நேரமே இருக்காது. காற்றுக்குக் குடை பாய்மரம்போல் விரியும். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் இரண்டைத் துணிப்பையில் போட்டு ஸ்டாண்டின் காலில் தொங்கவிடுவேன்.

மின்சார வேலை செய்பவனாக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஃபிளாஷ் எரியவில்லை என்று திருப்புளியை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு இருக்கும், பேட்டரியைக் கழற்றிய பின்னும் தங்கியிருக்கும். பழைய காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றில் அடிப்புள்ளியிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் வரும். அதை இன்றைய கேமராவில் நேரடியாகச் செருகினால் கேமரா போய்விடும்.

குழந்தை பிறந்து முப்பதாம் நாள், அதே மண்டபத்தில் பெயர்சூட்டு விழா. அம்மா கொள்ளுப்பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு காதில் பெயரைச் சொல்லக் குனிந்தார். அழுத்தினேன். ஃபிளாஷ் எரியவில்லை. ஸ்டாண்ட் இரண்டடி தள்ளி இருந்தது. எட்டி ஃபிளாஷின் பட்டனை அழுத்தினேன், எரிந்தது. டிரிகரின் பட்டன், எரிந்தது. அப்படியென்றால் ஹாட் ஷூ. விரலால் தடவினேன். டிரிகர் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றது, பூட்டுச் சக்கரத்தை நான் திருகவே இல்லை. உள்ளே தள்ளித் திருகினேன்.

அம்மா நிமிர்ந்து, “எடுத்துட்டியாப்பா?” என்றார்.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா.”

மறுபடி குனிந்தார்.